முகத்துவாரத்துக்குப் போன அறிக்கை

நான் ஓய்வுபெற்ற நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த நூலக உத்தியோகத்தர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள். "நிலைபேறான அபிவிருத்தியில் நூலகச் சேவையின் பங்கு" என்பது தலைப்பு. பழைய ஆள் என்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடித்தேன். தேநீர் நேரத்தில் ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து, "மிஸ், இப்ப அறிக்கை எல்லாம் இணையத்திலை போடுறம். கருத்துச் சொல்லுங்கோ எண்டு கேக்கிறம். ஒருத்தரும் எழுதுறேல்லை. உங்கட காலத்திலை உண்மையாச் சனம் வந்து வாசிச்சதோ?" என்று கேட்டாள். வந்தார்கள் என்று மட்டும் சொன்னேன். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது போர் நடந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்தில் படித்து, கொழும்பில் நூலகவியல் டிப்ளோமா முடித்து, அரசாங்கத்தின் சுற்றாடல் நிறுவனமொன்றில் உதவி நூலகராக இடம் கிடைத்தது. வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். காலையில் கரையோர ரயிலில் போவேன். அலுவலக வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். எல்லோருக்கும் அதுதான் ஒழுங்கு. என் அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்த பிறகு என் பையை மட்டும் இரண்டாந்தரமும் திறப்பார்கள். சாப்பாட்டுப் பெட்டியை மேலே வைத்துக்கொண்டு போகப் பழகிவிட்டேன்.

பிரதம நூலகர் திருமதி சேனாதீர. கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. உயரமில்லை, சத்தமில்லை. வாசகர் யாராவது நின்றுகொண்டிருந்தால் அவரும் எழுந்து நிற்பார். வாசகர் உட்கார்ந்த பிறகுதான் தான் உட்காருவார். எங்களுக்குள் பேச்சு சிங்களத்தில், தொழில் விஷயம் வந்தால் ஆங்கிலத்தில்.

அவரிடம் நான் படித்த முதல் பாடம் ஒரு ரப்பர் தொழிற்சாலை பற்றியது. களப் பரிசோதகர் ஒருவர் வந்து, ரப்பர் தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றி இருக்கிற எல்லாவற்றையும் தரும்படி கேட்டார். நான் கை நிறைய எடுத்துவந்து மேசையில் அடுக்கினேன். திருமதி சேனாதீர தன் இடத்திலிருந்து எழுந்து வந்தார்.

"எந்த ஆற்றுப் பக்கம் போகிறீர்கள்?" என்று பரிசோதகரைக் கேட்டார். அவர் இடத்தைச் சொன்னார்.

"நாளைக்கு அங்கே நின்று என்ன முடிவு எடுக்க வேண்டும்?"

"தொழிற்சாலைக்காரன் புதுசாகக் கட்டியிருக்கிற தொட்டி போதுமா, போதாதா என்று."

திருமதி சேனாதீர நான் அடுக்கியதையெல்லாம் திரும்ப என் கையில் தந்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவு பற்றிய ஒரு நியமத்தையும், அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் முன்னர் வந்த முறைப்பாடுகள் பற்றிய பத்திரிகைத் துணுக்குகளையும் எடுத்துக் கொடுத்தார். பரிசோதகர் போன பிறகு என்னிடம், "அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஜீப்புக்குள் இருந்து படிக்கத்தான் நேரம் கிடைக்கும்" என்றார். திட்டவில்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும், என்ன புத்தகம் வேண்டும் என்று நான் கேட்பதில்லை. எதைத் தீர்மானிக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன்.

எங்கள் வேலையில் பாதி இப்படி உள்ளே இருக்கிறவர்களுக்காக. மற்றப் பாதி வெளியாருக்கு. பெரிய திட்டம் ஒன்று வந்தால் அதன் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைக் குறித்த காலத்துக்குப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் எவரும் எழுத்தில் கருத்துச் சொல்லலாம். பத்திரிகையில் அறிவித்தல் வரும். அறிக்கையின் பிரதி எங்கள் வாசிப்பறையில் ஜன்னலோர மேசையில் இருக்கும். வெளியே கொண்டுபோக முடியாது. பெரும்பாலும் வருகிறவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர், சட்டத்தரணிகள், கம்பெனி ஆட்கள். திட்டம் யாருடைய வீட்டு வாசலில் நடக்கப்போகிறதோ அவர்கள் வந்ததை நான் அதுவரை கண்டதில்லை.

நகரத்தில் ஒரு குண்டுவெடிப்புக்குப் பிறகு பாதுகாப்புக் கட்டளை ஒன்று வந்தது. கரையோரத்தையும் துறைமுகத்தையும் காட்டும் வரைபடங்கள் எல்லாம் பூட்டிய அலுமாரிக்குள் போக வேண்டும். அலுமாரியின் திறப்பு, அதாவது சாவி, நிறுவனத்தின் பாதுகாப்பு உத்தியோகத்தரிடம். அவர் இராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர், நாங்கள் மேஜர் என்போம். கெட்ட மனிதரல்ல. ஆனால் அந்த நூலகத்தில் ஒரு தமிழ்ப் பெண் வரைபடங்களோடு வேலை செய்வது அவருக்கு நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது.

அப்படியான காலத்தில்தான், மோதரை என்றும் சொல்கிற முகத்துவாரத்துக்கு எதிரே கடலில் மணல் அள்ளும் திட்டம் ஒன்றின் அறிக்கை வந்தது. களஞ்சிய முற்றம் ஒன்றுக்காக நிலம் நிரப்ப வேண்டும். கடலடியிலிருந்து மணலை எடுத்து, அதோடு வரும் சேற்றைத் தள்ளிக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தது, சிங்களத்தில் இருந்தது. தமிழில் இல்லை. பின்னிணைப்பில் இருந்த வரைபடத்தை மேஜர் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

அறிவித்தல் வந்து சில நாட்களில் இரண்டு பேர் வாசிப்பறைக் கதவடியில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் நாற்பது வயதளவான பெண். மற்றவர் முதியவர், காற்றில் காய்ந்த முகம்.

"செருப்போடை வாங்கோ, பரவாயில்லை" என்றேன்.

தமிழைக் கேட்டதும் அந்தப் பெண்ணின் தோள் கொஞ்சம் இறங்கியது. "மிஸ், நாங்க மோதரையில இருந்து வர்றோம். எம் பேரு ஸ்டெல்லா. இவரு எங்க வீட்டுக்காரரோட அண்ணன், சூசை. பேப்பர்ல போட்டிருந்திச்சு, கடல்ல மண்ணு அள்ளப் போறாங்க, வந்து பாக்கலாம்னு. பிரதேச செயலகத்துல போய்க் கேட்டோம். சிங்களத்துல ஒரு புத்தகத்த காட்டினாங்க. எங்களுக்கு அது வாசிக்கத் தெரியா."

"எதை அறிய வந்தனீங்கள்?"

ஸ்டெல்லா சூசையைப் பார்த்தார். அவர்தான் சொன்னார்: "சேத்த எங்க கொட்டுவாங்க? அது தெரிஞ்சா போதும்."

வந்தவுடனே கேள்வியைக் கையில் வைத்திருந்த வாசகர்கள் எனக்கு அதிகம் கிடைத்ததில்லை. இருவரையும் இருத்தி, ஆங்கில அறிக்கையை எடுத்து, கடல் பற்றிய அத்தியாயத்தைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். நீரோட்டம், மீன்வகை, ஆழம். சூசை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில இடங்களில் தலையசைத்தார். சேறு கொட்டும் இடம் வந்ததும் அறிக்கை "வரைபடத்தைப் பார்க்க" என்றது. வரைபடம் இல்லை. ஆனால் சில பக்கம் தள்ளி, அலைத்தடுப்புச் சுவரின் முனையிலிருந்து எவ்வளவு தூரம், எந்தத் திசை, என்ன ஆழம் என்று எழுத்தில் இருந்தது.

"இன்னொருக்கா சொல்லுங்க மிஸ்" என்றார் சூசை.

சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து மேசையைப் பார்த்தார். முத்திரை மைப்பெட்டியை இழுத்து வைத்து, "இதுதான் சுவரு" என்றார். என் பென்சிலை ஆற்றுவாய்க்கு வைத்தார். பிறகு விரலால் மேசையில் கோடிழுத்துக்கொண்டு போய் ஓரிடத்தில் நிறுத்தினார். அது சரியான இடமா என்று எனக்குத் தெரியவில்லை. பாவித்த கடதாசி ஒன்றின் பின்பக்கத்தில் அளவுகோலை வைத்து, அறிக்கையில் இருந்த தூரங்களின்படி படமாகக் கீறி, தூரங்களைத் தமிழில் குறித்தேன். விரல் நின்ற இடத்துக்கும் என் புள்ளிக்கும் பெரிய வித்தியாசமில்லை.

"அது கல்லு மிஸ்" என்றார் ஸ்டெல்லா. "கடலுக்குள்ள இருக்கிற கல்லுப் பாறை. கடல் அடங்கின மாசங்கள்ல எங்க ஆளுங்களுக்கு மீன் அங்கதான். சேறு விழுந்தா கல்லு மூடிரும்."

அறிக்கையில் அந்த இடம் "மணற்பாங்கான அடித்தளம்" என்றிருந்தது. அதை எழுதியவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை; அளந்த புள்ளிகளுக்கு இடையில் அந்தக் கல் தப்பியிருக்கலாம். கருத்துக் கேட்பதே அப்படித் தப்பியவற்றுக்காகத்தான்.

திருமதி சேனாதீர எங்கள் பக்கம் வந்து நின்றார். நான் நடந்ததைச் சிங்களத்தில் சொன்னேன். கீறிய கடதாசியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இந்த அளவுகள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று கீழே எழுதுங்கள். நூலக முத்திரையையும் குத்துங்கள். பிறகு கொடுங்கள்" என்றார். வாசகருக்கு எந்தக் குறிப்பைக் கொடுத்தாலும் அவர் அப்படித்தான் செய்வார். ஸ்டெல்லா கடதாசியை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். தங்கள் ஆட்களுக்குக் காட்டிவிட்டு அடுத்த நாள் வருவதாகச் சொன்னார்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. பத்து மணியளவில் மேஜர்தான் வந்தார்.

கொட்டாஞ்சேனைச் சோதனைச்சாவடியில் ஒரு மீன்காரப் பெண்ணின் பைக்குள் துறைமுக வாயின் வரைபடம் இருந்திருக்கிறது. தூரமெல்லாம் குறித்து, தமிழில் எழுதி. முந்தின நாள் பின்னேரமே பிடித்து வைத்திருக்கிறார்கள். அதில் எங்கள் முத்திரை இருந்ததால் பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள்.

"கீறியது யார்?" என்று மேஜர் கேட்டார்.

"நான்தான்" என்றேன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களைப் பிடித்துப்போக இதைவிடச் சின்னக் காரணங்கள் போதும். விசாரணைக்கு என்று போனவர்கள் எத்தனை மாதம் கழித்து வந்தார்கள் என்பது வெள்ளவத்தையில் எல்லாருக்கும் தெரியும்.

"வரச் சொல்கிறார்கள். நான் வாகனத்துக்குச் சொல்கிறேன்" என்றார் மேஜர்.

திருமதி சேனாதீர தன் மேசையை ஒழுங்குபடுத்தினார். பேனையை மூடினார். அறிக்கையின் சிங்களப் பிரதியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "எனக்கும் அதே வாகனத்தில் இடம் இருக்கும்தானே?" என்றார்.

"உங்களைக் கேட்கவில்லையே."

"முத்திரை என்னுடையது."

மேஜர் முன்பக்கம் ஏறினார், நாங்கள் இருவரும் பின்னால். தெமட்டகொடைப் பக்கம் வாகன நெரிசலில் நின்றபோது திருமதி சேனாதீர, "காலையில் சாப்பிட்டீர்களா?" என்று கேட்டார். ஓம் என்று பொய் சொன்னேன்.

பொலிஸ் நிலையத்தில் ஸ்டெல்லா சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தார். தலை கலைந்திருந்தது. என்னைக் கண்டதும் அழவில்லை. "மிஸ், நா உங்க பேரைச் சொல்லல்ல. லைப்ரரின்னுதான் சொன்னேன்" என்றார் மெல்ல. அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கண் கலங்கியது.

பொறுப்பதிகாரி இளவயதுக்காரர், தூக்கமில்லாத கண். கடதாசியை என் முன்னால் வைத்து, பெயர், ஊர், முகவரி, கணவரின் ஊர் எல்லாம் கேட்டார். பதில் சொன்னேன். துறைமுகத்தின் அளவுகள் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

நான் வாய் திறக்க முதல் திருமதி சேனாதீர அறிக்கையைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். "கடதாசியின் அடியில் பக்க எண் இருக்கிறது. நீங்களே வாசியுங்கள்" என்றார்.

அதிகாரி வாசித்தார். முதலில் மனதுக்குள், பிறகு மெல்லிய சத்தத்தில். ஒவ்வொரு அளவையும் விரலால் கடதாசியில் தொட்டுப் பார்த்தார். எல்லாம் ஒத்துவந்தன.

"இதை யார் வெளியிட்டது?"

"அரசாங்கம். வந்து பார்க்கும்படி மூன்று மொழியிலும் பத்திரிகையில் அறிவித்தது. இந்த அம்மா வந்து பார்த்தார்."

"வரைபடங்களைப் பூட்டி வைக்கும்படி கட்டளை இருக்கிறது, மேடம்."

"பூட்டித்தான் வைத்திருக்கிறோம். மேஜரைக் கேளுங்கள். இது வரைபடமில்லை, ஒரு வசனத்துக்குச் சொன்ன விளக்கம். இவர்களுக்கு அந்த வசனம் அவர்களுடைய மொழியில் கிடைக்கவில்லை. என் உத்தியோகத்தர் அதைக் கொடுத்தார். அது அவருடைய கடமை. நான்தான் கொடுக்கச் சொன்னேன்."

அவர் குரல் நூலகத்தில் பேசுவதைவிடக் கொஞ்சமும் உயரவில்லை. அதிகாரி மேஜரைப் பார்த்தார். மேஜர் சிறிது நேரம் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, "திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. வரைபடம் வெளியே போகவில்லை" என்றார். அந்த ஒரு வசனத்துக்காக அவருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

வாக்குமூலம் எழுதி எடுத்தார்கள். கடதாசியைத் தர மறுத்துவிட்டார்கள். பின்னேரம் ஸ்டெல்லாவை விட்டார்கள். வெளியே சூசையும் இன்னும் சில பெண்களும் வெயிலில் நின்றார்கள். எங்களைக் கண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அன்று வீட்டில் கணவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். "நீர் செய்தது பிழையெண்டு நான் சொல்லேல்லை" என்றார். "ஆனா இனி அந்த ஆக்களோடை மினக்கெடாதையும். நாளைக்கு உம்மைக் கொண்டுபோனா நான் எங்கை போய்க் கேக்கிறது?"

அவர் கேட்டது சரியான கேள்வி.

அதன் பிறகு மோதரையிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஜன்னலோர மேசையில் அறிக்கை கிடந்தது. கருத்துச் சொல்லும் காலம் முடிய ஒரு வாரம்கூட இல்லை. ஒரு நாள் மத்தியானம் திருமதி சேனாதீர அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்று, "அவர்கள் இனி வர மாட்டார்கள், இல்லையா?" என்றார்.

"பயம், மேடம்."

"உங்களுக்கு?"

"எனக்கும்தான்."

அவர் தலையசைத்துவிட்டுப் பணிப்பாளரின் அறைக்குப் போனார். திரும்பிவந்தபோது கையில் ஒரு அனுமதிக் கடிதம். உசாத்துணைப் பிரதி எதையும் அவர் எக்காரணம் கொண்டும் வெளியே விட்டதில்லை. மேலதிகாரிகள் கேட்டும் மறுத்திருக்கிறார். அந்த அறிக்கையைத் தானே தன் பெயரில் பதிந்து எடுத்தார்.

"சனிக்கிழமை நான் மோதரைக்குப் போகிறேன். தேவாலய மண்டபத்தைத் தருவதாகப் பாதிரியார் சொன்னார். பொலிஸுக்கும் எழுத்தில் அறிவித்துவிட்டேன். எனக்கு அதைத் தமிழில் சொல்லத் தெரியாது. நீங்கள் வரவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்" என்றார். "வராவிட்டால் வேறு ஒருவரைத் தேடுவேன். அதனால் உங்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இருக்காது."

கணவரிடம் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில் சேட்டுப் போட்டுக்கொண்டு, "நானும் வாறன். ரெண்டு பேரையும் சேத்துக் கொண்டுபோகட்டும்" என்றார். ரயிலில் அவர் என் அடையாள அட்டையையும் தன்னுடையதோடு சேர்த்து மேற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மண்டபத்தில் முதலில் ஸ்டெல்லாவும் சூசையும் மட்டும்தான் இருந்தார்கள். நான் வாசிக்கத் தொடங்கியதும் ஒவ்வொருவராக வந்தார்கள். பெண்கள் முன்னுக்கு, ஆண்கள் சுவரோரம். அத்தியாயம் அத்தியாயமாகத் தமிழில் சொன்னேன். திருமதி சேனாதீர பக்கத்தில் ஒரு கதிரையில் அமர்ந்து, பெரும்பாலும் விளங்காத மொழியைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் வாசலில் இரண்டு பொலிஸார் வந்து நின்றார்கள். நான் வசனத்தை நிறுத்தினேன். திருமதி சேனாதீர என் பக்கம் திரும்பாமலே, "அடுத்த பந்தி" என்றார். வாசித்தேன். கொஞ்ச நேரத்தில் பொலிஸார் போய்விட்டார்கள்.

பிறகு மண்டபத்தில் இருந்தவர்கள் பேசினார்கள். கல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த மாதத்தில் என்ன மீன், சேறு எந்தப் பக்கம் இழுபடும். ஸ்டெல்லா எல்லாவற்றையும் தமிழில் எழுதினார். ஒவ்வொருவரும் கையெழுத்து வைத்தார்கள், சிலர் பெருவிரல் அடையாளம். நான் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை இணைத்தேன். கடைசித் தேதிக்கு முதல் நாள் அது பதிவானது.

திட்டம் நிற்கவில்லை. நிற்கும் என்று எவரும் நினைக்கவும் இல்லை. மதிப்பீட்டுக் குழு ஒரு படகை அனுப்பி மறுபடி அளந்தது, கல் இருந்தது. சேறு கொட்டும் இடத்தை ஆழ்கடலுக்குத் தள்ளினார்கள். கடல் அடங்கிய மாதங்களில் மணல் அள்ளக்கூடாது என்றும் அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனை போட்டார்கள். என்னைப் பொலிஸில் மேலும் இரண்டு தடவை கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்டார்கள். இரண்டு தடவையும் திருமதி சேனாதீர கூட வந்தார். பிறகு கூப்பிடவில்லை.

வேலை தொடங்கிய பிறகு ஒரு நாள் ஸ்டெல்லாவும் சூசையும் மறுபடி நூலகத்துக்கு வந்தார்கள். இந்தத் தடவை செருப்போடு. மண் அள்ளும் கப்பல் சில நாட்களில் சொன்ன இடத்துக்குப் போகாமல் கிட்டவே சேற்றைத் தள்ளிவிட்டு வருகிறது என்றார்கள்.

"முறைப்பாட்டுப் பிரிவு கீழ்மாடியிலை இருக்கு" என்றேன்.

"தெரியும் மிஸ். அங்க போறதுக்கு முந்தி, அவங்க என்ன செய்யக்கூடாதுன்னு பேப்பர்ல எழுதியிருக்குன்னு பாக்கணும்."

அதற்குள் நிபந்தனைகளைத் தமிழில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தோம். எடுத்துக் கொடுத்தேன். ஸ்டெல்லா ஜன்னலோர மேசையில் அமர்ந்து உதடு அசைய வாசித்தார். சூசைக்குக் கேட்கவில்லை. அவர் காதைச் சாய்த்துக்கொண்டு கிட்ட வந்தார். ஸ்டெல்லா சத்தமாக வாசிக்கத் தொடங்கினார், ஒவ்வொரு நிபந்தனையாக, எண்ணோடு.

பக்கத்து மேசையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு சட்டத்தரணி நிமிர்ந்து பார்த்தார். பிறகு பிரதம நூலகரின் மேசைக்கு நேரே இருந்த "அமைதி" என்ற பலகையைப் பார்த்தார். திருமதி சேனாதீர எழுந்து வந்தார். பலகையை எடுத்தார். அதைக் கொண்டுபோய்த் தன் மேசை லாச்சிக்குள் வைத்து மூடிவிட்டு, விட்ட வேலையைத் தொடர்ந்தார்.